பென்சிலில் எழுதிய பெயர்

ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சித் தொடக்கப் பள்ளியில் அமுதவள்ளி பதினேழு வருடமாகச் சத்துணவு சமைக்கிறாள். எழுபத்திரண்டு பிள்ளைகள், இரண்டு அடுப்பு, இருவர் சேர்ந்தால்தான் தூக்க முடிகிற ஓர் அண்டா. உதவிக்கு வர வேண்டிய ஆள் பாதி நாள் வராததால் அதை அவள் ஒருத்தியே இறக்கிப் பழகிவிட்டாள். பருப்பில் வண்டு இருந்தால் மூட்டையோடு திருப்பி அனுப்புவாள். முட்டை சின்னதாக வந்தால் கொண்டு வந்தவனை நிற்க வைத்து, உள்ளங்கையில் முட்டையை வைத்துக் காட்டி, இது கோழி போட்டதா காக்கா போட்டதா என்று கேட்பாள். தலைமையாசிரியர்கூட அவளிடம் எதையும் சொல்வதற்கு முன்னால் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வார். கோபக்காரி என்று ஊரில் பெயர். அதற்காக அவள் வருத்தப்பட்டது கிடையாது. பிள்ளைகளின் தட்டில் விழும் சோறு நன்றாக இருந்தது, அது போதும்.

பிறந்தது கமுதிக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமம். மூன்று பிள்ளைகளில் நடுப்பிள்ளை. மூத்தவன் வேல்சாமி, இளையவன் நாகேந்திரன். வேல்சாமி ஐ.டி.ஐ.யில் சேர்ந்த வருடம் மிளகாய் எடுக்க ஆள் போதாமல் எட்டாம் வகுப்போடு அவளை நிறுத்தினார்கள். மிளகாய் பறித்த கையோடு தூங்கி, தூக்கத்தில் கண்ணைக் கசக்கிவிட்டு அலறி எழுந்த நாட்கள் உண்டு. இருபது வயதில் மினி பஸ் ஓட்டும் மருதுபாண்டிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் அதிகம் பேசாத மனிதர். அவள் கத்தும்போது வண்டியைத் துடைக்கப் போய்விடுவார், கத்தி முடித்ததும் வந்து சாப்பிடுவார். சிநேகா என்று ஒரே மகள்.

பதிமூன்று வருடங்களுக்கு முன்னால் அய்யாவுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. மதுரையில் பார்த்துவிட்டு இடது சிறுநீரகத்தில் புற்று, நுரையீரலுக்கும் போய்விட்டது என்றார்கள். அப்போது மிளகாய்ப் பழம் செடியில் நின்றது. மகன்களால் வர முடியவில்லை. பத்து வயது சிநேகாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அமுதவள்ளிதான் நாற்பத்தொரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தாள். அய்யா அவள் கையால்தான் கஞ்சி குடித்தார். கொள்ளி வைத்தது வேல்சாமி.

அதே வியாதி பதினொரு வருடம் கழித்து வேல்சாமிக்கு வந்தது. அவன் கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவன், தம்பி நாகேந்திரன் குடும்பத்தோடு பிறந்த வீட்டிலேயே இருந்தான். சிவப்பாகப் போனதை மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது காலம் கடந்திருந்தது. அமுதவள்ளி மறுபடியும் மதுரைக்குப் போனாள். சமையலை வேறொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, பெட்டியில் இரண்டு சேலையும் ஒரு ஃபிளாஸ்க்குமாக. போன வருடம் மாசி மாதத்தில் அவன் இறந்தான்.

இந்த மாசியில் வருடத் திதி. அதற்குத்தான் அவள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். கொல்லையில் கல் கூட்டி நாகேந்திரனின் மனைவி மலிகாவோடு சமைத்துக்கொண்டிருந்தாள். மலிகா வேற்றாள் இல்லை, அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன் மகள்தான். சோற்றுப் பானையை வடிக்கக் குனிந்தபோது அமுதவள்ளிக்கு வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்றது. ஒரு வருடமாகவே அப்படித்தான் இருந்தது, அண்டா தூக்குகிற வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த மலிகா வெகு சாதாரணமாகச் சொன்னாள்.

"ஒங்களுக்கும் அந்த ஸ்கேன் பாத்தாகளா மதினி? எங்க ரெண்டு பேருக்கும் சுத்தமா இருக்குன்னுட்டாக."

எந்த ஸ்கேன் என்று அமுதவள்ளி கேட்டாள். மலிகா கரண்டியை வைத்துவிட்டு விவரம் சொன்னாள். வேல்சாமி உயிரோடு இருந்தபோது ராமநாதபுரத்தில் ஓர் ஆராய்ச்சிக் குழு வந்து தங்கியிருந்ததாம். சிறுநீரகப் புற்று வந்தவர்களின் ரத்தத்தை எடுத்து, வராதவர்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர்களாம். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வந்திருந்தால் கூடப் பிறந்தவர்கள் எல்லோரையும் கூட்டி வரச் சொன்னார்களாம். ரத்தம் எடுத்து, வயிற்றையும் இலவசமாக ஸ்கேன் பார்ப்பார்களாம். வேல்சாமி படுத்த படுக்கையாக இருந்ததால் தம்பியிடம் சொல்லியிருக்கிறான். தம்பி தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய் வந்திருக்கிறான். பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்தார்களாம். நடந்து ஒன்றேகால் வருடம் ஆகிறது.

"கூடப் பொறந்தவுகளன்னா நீ எதுக்குப் போன?" என்று அமுதவள்ளி கேட்டாள்.

மலிகா கரண்டியை மறுபடி எடுத்தாள். அவர் வரச் சொன்னார், போனேன் என்றாள்.

நாகேந்திரன் முன்வாசலில் சொந்தக்காரர்களுக்குப் பாய் போட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் போய்க் கேட்டதற்கு, இதைப் போய் இன்றைக்குப் பேச வேண்டுமா என்பது போலப் பார்த்தான். பிறகு, மறைக்க ஒன்றுமில்லாதவனின் குரலில், நோட்டைப் பார்த்துத்தான் சொன்னேன் என்றான்.

அந்த நோட்டு அமுதவள்ளிக்குத் தெரியும். குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டினால் பங்காளிகளுக்குக் கறிக்கூறு பிரிப்பதற்கான நோட்டு. பதினெட்டுத் தலைக்கட்டு, அதாவது பதினெட்டுக் குடும்பம். ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் என்று வரிசையாக எழுதியிருக்கும். ஆண்பிள்ளைகளின் பெயர் பேனாவில். வாக்கப்பட்டு வந்த பெண்களின் பெயரும் பேனாவில். வீட்டில் பிறந்த பெண்பிள்ளைகளை மட்டும் பென்சிலில் எழுதுவார்கள், கல்யாணமானதும் ரப்பர் போட்டு அழித்துவிடுவார்கள். அய்யா வைத்திருந்த நோட்டு வேல்சாமிக்கு வந்து, இப்போது நாகேந்திரனிடம் இருக்கிறது. ஆராய்ச்சிக்காரர்கள் குடும்பத்தில் உள்ளவர்களின் விவரம் கேட்டதும் அதை எடுத்துக்கொண்டு போய் வாசித்திருக்கிறான். அவனைப் பொறுத்தவரை அதைவிடச் சரியான கணக்கு ஊரிலேயே கிடையாது.

"நீ அந்த வீட்டுக்குப் போயிட்டக்கா. ஒனக்குக் குலசாமி வேற. அண்ணன் செத்ததுக்கு எங்களுக்குப் பதினாறு நாள் தீட்டு, ஒனக்கு மூணு நாள்தான். இது நம்ம பங்காளிகள்ல இறங்குற வியாதி. ஒன்ன எதுக்கு அலைய வைக்கணும்னு விட்டேன்."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கூட்டியது. வேண்டுமென்று செய்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு ஓய்ந்துவிடலாம். இவன் அவளை மறக்கக்கூட இல்லை. அவளை வெளியே வைப்பதுதான் ஒழுங்கு என்று நினைத்திருக்கிறான்.

சொந்தக்காரர்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். அமுதவள்ளி எல்லோருக்கும் பரிமாறினாள். வேல்சாமிக்குப் படைத்த இலையை எடுத்து வைத்தாள். தனக்கு இலை போடாமல் கையைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். திதி வீட்டில் சாப்பிடாமல் போவதை எல்லோரும் பார்த்தார்கள், யாரும் கூப்பிடவில்லை. மலிகா மட்டும் ஊர் எல்லை வரைக்கும் ஓடி வந்து, ஆராய்ச்சிக் குழு கொடுத்திருந்த அட்டையை அவள் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

அந்த வாரமே பள்ளியில் விடுப்புச் சொல்லிவிட்டு ராமநாதபுரம் போனாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாடியில் இரண்டு அறை. சூஃபியா என்ற பெண் மேசைக்குப் பின்னால் இருந்தாள். தொண்டிப் பக்கம், இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும், தலையில் முக்காடு, காதில் போன். குடும்பங்களிடம் போய் விவரம் எழுதி, ரத்தம் எடுப்பது அவள் வேலை. அட்டையைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டு, ஆள் சேர்ப்பது போன மாதத்தோடு முடிந்துவிட்டது அக்கா என்றாள்.

வேல்சாமியின் தங்கச்சி நான் என்று அமுதவள்ளி சொன்னாள்.

சூஃபியா கம்ப்யூட்டரில் தேடினாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தங்கச்சி வந்துட்டுப் போயிட்டாங்களேக்கா. ரத்தமும் கொடுத்துட்டாங்க."

அமுதவள்ளி மேசையைச் சுற்றிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றாள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. எட்டாம் வகுப்பு வரை படித்த ஆங்கிலத்தை வைத்து எழுத்துக் கூட்டினாள். கூடப் பிறந்தவர் ஒன்று, நாகேந்திரன். கூடப் பிறந்தவர் இரண்டு, மலிகா. மலிகாவின் வரியை யாரோ சிவப்பு மையில் அடித்துவிட்டுப் பக்கத்தில் ஏதோ எழுதியிருந்தார்கள்.

சூஃபியாவுக்கு வேர்த்துவிட்டது. அந்த அண்ணன் ஒரு நோட்டைப் பார்த்து வேல்சாமி, நாகேந்திரன், மலிகா என்று வரிசையாக வாசித்தார், இவர் யார் என்று கேட்டதற்கு நம்ம வீட்டுப் பிள்ளைதான் என்றார், சொந்தமா என்றதற்கு ரொம்ப நெருங்கிய சொந்தம் என்றார், நானும் எழுதிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டாள். தங்கச்சிமடம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் வந்தால் மாதா கோயில் பதிவேட்டைப் பார்த்து ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளைகள் எல்லோரையும் சொல்வார்கள், ஆண் பெண் விடாமல் இருக்கும், அந்தப் பழக்கத்தில் இவரையும் நம்பிவிட்டேன் என்றாள்.

"அந்தச் செவப்புல என்ன எழுதியிருக்கு?"

"அது உள் குறிப்புக்கா. நான் சொல்லக் கூடாது."

"எங்க வீட்டு ஃபைலு. சொல்லு."

சூஃபியா எழுந்து உள்ளறைக்குப் போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். ஐம்பது வயதுப் பெண்மணி, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். உட்காரச் சொன்னார், அமுதவள்ளி உட்காரவில்லை. டாக்டர் குறிப்பைப் படித்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார், மழுப்பாமல் சொன்னார். ரத்தத்தை ஆராய்ந்தபோது இந்தத் தங்கச்சிக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்களுக்கு இருக்கும் பொருத்தம் இல்லை. உறவு இருக்கிறது, ஆனால் பாதிக்கும் குறைவு. தாயோ தகப்பனோ வேறாக இருக்கலாம் என்று எழுதி, கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அமுதவள்ளிக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் அவள் குரல் உயரவில்லை. அவளைத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அதற்கே பயந்திருப்பார்கள்.

"எங்கம்மா செத்து ஆறு வருசம் ஆச்சு. பதினாலு வயசுல வாக்கப்பட்டு வந்து, வெள்ளாமையும் வீடுமாக் கெடந்து, கமுதிச் சந்தையத் தாண்டிப் போகாத பொம்பள. அவ மேல எழுதி வச்சிருக்கீக. எங்க யாரையாச்சும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டீகளா?"

இப்படிப்பட்ட விஷயத்தைக் கூப்பிட்டுக் கேட்டால் குடும்பங்கள் உடைந்துவிடும், அதனால் கேட்பதில்லை என்பதுதான் முறை என்று டாக்டர் சொன்னார்.

"அப்ப கேக்காமலே நீங்களா ஒரு முடிவுக்கு வந்துட்டீக."

"ஆமா," என்றார் டாக்டர். "தப்புதான். உங்க அம்மா வயித்துல பிறந்தவங்க எத்தனை பேர்னு நேரா கேட்டிருக்கணும். கேக்கல."

ஒப்புக்கொண்டவரிடம் மேற்கொண்டு சண்டை போட வழியில்லை. அமுதவள்ளி அப்போதுதான் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தாள். வந்த காரியத்தைக் கேட்டாள். ரத்தத்தில் எதைத் தேடுகிறீர்கள், எனக்கு அது இருக்கிறதா, என் மகளுக்கு இருக்கிறதா.

டாக்டர் ஒரு தாளை எடுத்து ஏதோ வரைய ஆரம்பித்து, பிறகு அதைத் தள்ளி வைத்துவிட்டு வாயால் சொன்னார். உடம்புக்குள் ஒரு செல் கெட்டுப்போனால் காவலுக்கு இருக்கும் செல்களுக்குத் தகவல் போக வேண்டும். அந்தத் தகவலை எப்படி அனுப்ப வேண்டும், எவ்வளவு அனுப்ப வேண்டும் என்பது மரபணுவில் எழுதியிருக்கிறது. சிலருக்கு அதில் ஓர் எழுத்து மாறியிருக்கும். ஊருக்குள் திருடன் வந்தால் சிலர் பலமாகச் சத்தம் போடுவார்கள், சிலர் மெதுவாக. அது மாதிரி. அந்த மாற்றம் ஊரில் நிறையப் பேருக்கு உண்டு, அவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் வராது. வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறதா என்றுதான் பார்க்கிறோம், அதுவும் ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். உனக்கு வரும், உனக்கு வராது என்று ஒருத்தரைப் பார்த்துச் சொல்ல இது ஜோசியம் இல்லை.

"எங்க வீட்டுல சத்தம் போடுறதுக்கா கொறச்சல்," என்றாள் அமுதவள்ளி.

சூஃபியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். டாக்டர் சிரித்துவிட்டார். ஆனால் அமுதவள்ளி விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் அடுத்துக் கேட்டதுதான் அவளுக்கு முக்கியம். அய்யாவின் உடம்பிலிருந்து இந்த எழுத்து இறங்குகிறதென்றால் ஆண்பிள்ளைக்கு எவ்வளவு இறங்கும், பெண்பிள்ளைக்கு எவ்வளவு?

இதில் ஆண் பெண் வித்தியாசமே இல்லை, இருவருக்கும் ஒரே அளவு வாய்ப்புத்தான் என்றார் டாக்டர். அண்ணன் தங்கைக்குள்கூட ஒருவருக்கு இறங்கி மற்றவருக்கு இறங்காமல் போகலாம், அது வேறு. கல்யாணம் பண்ணி எந்த ஊருக்குப் போனாலும் அது மாறாது. எழுத்து இருக்கட்டும், அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வந்திருக்கிறது என்ற ஒன்றே ஸ்கேன் பார்க்கப் போதுமான காரணம் என்று சொல்லிவிட்டு, ஆள் சேர்ப்பு முடிந்தாலும் பரவாயில்லை, இவரை இப்போதே அனுப்பு என்று சூஃபியாவிடம் சொன்னார்.

எதிர்த் தெருவில் ஸ்கேன் சென்டர். ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு முட்டிக்கொண்டு வரும்வரை உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள். உள்ளே வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி ஒரு கருவியை வைத்து உருட்டினார்கள். இடது பக்கம் சீக்கிரம் முடிந்தது. வலது பக்கத்தில் கருவி நின்றது, கொஞ்சம் நகர்ந்தது, மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். அய்யாவோடும் அண்ணனோடும் இந்த மாதிரி அறைகளின் வாசலில் அவள் நிறைய நின்றிருக்கிறாள். கருவி திரும்பி வந்து நின்றதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வலது சிறுநீரகத்தில் நான்கு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு கட்டி. மறு வாரம் மதுரையில் எடுத்த பெரிய ஸ்கேனிலும் அதுவேதான். வேறெங்கும் பரவவில்லை. பிழைத்துக்கொள்வீர்கள் என்று அறுவை மருத்துவர் தெளிவாகச் சொன்னார். ஆனால் கட்டி நடுவில், ரத்தக் குழாயை ஒட்டி இருந்தது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுச் சிறுநீரகத்தை விட முடியாது, முழுதாக எடுக்க வேண்டும் என்றார். ஒன்றேகால் வருடத்துக்கு முன்னால் பார்த்திருந்தால் மிச்சம் வைத்திருக்கலாமா என்று அவள் கேட்டாள். அவர் சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தார். அவள் விடவில்லை. இன்னும் சின்னதாக இருந்திருக்கும், அநேகமாக மிச்சம் வைத்திருக்கலாம் என்றார்.

அந்த "அநேகமாக" என்ற வார்த்தையை எடுத்துக்கொண்டு அவள் மதுரையிலிருந்து நேராகக் கமுதி பஸ் ஏறினாள். கூட வந்த மருதுபாண்டி, வீட்டுக்குப் போய்விட்டு நாளைக்குப் போகலாமே என்றார். அவள் உள்ளே போய் உட்கார்ந்ததும் அவரும் ஏறிக்கொண்டார்.

நாகேந்திரன் களத்தில் இருந்தான். காய்கிற மிளகாய் ஒரு ஏக்கருக்குச் சிவப்பாகப் பரந்து கிடந்தது. காலால் கிளறிக்கொண்டே வந்தவன் அக்காவையும் மாமாவையும் சேர்த்துப் பார்த்ததும் நின்றான். நெடியில் மருதுபாண்டிக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. அமுதவள்ளிக்கு அந்த நெடி எதுவும் செய்யவில்லை.

கட்டியைப் பற்றிச் சொன்னாள். முழுச் சிறுநீரகமும் போகிறதைச் சொன்னாள். மலிகாவின் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் அம்மாவைப் பற்றி எழுதியிருந்ததையும் சொன்னாள். கடைசியில் சொன்னதுதான் அவனை அடித்தது. முகம் கறுத்து, யார் எழுதினது, எவன் எழுதினது என்று கேட்டான்.

"நீதான்டா எழுத வச்ச. நான் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எழுதுவாகளா?"

"நோட்டுல இல்லாத பேர நான் எப்படிக்கா சொல்ல முடியும்? சிநேகாவுக்கு வேற மாப்பிள்ளை பாக்குற நேரம். வியாதிக்கார வம்சம்னு வெளியில தெரிஞ்சா அந்தப் பிள்ளைக்குத்தான..."

"நோட்டுல இல்லாதவள ஆசுபத்திரிக்கு மட்டும் எப்படிடா கூப்பிட்ட? அய்யாவுக்கு நாப்பத்தொரு நாள். அண்ணனுக்கு ரெண்டு மாசம். அப்ப எந்த நோட்டப் பாத்து எனக்குப் போன் போட்ட?"

அவன் காலால் மிளகாயை மறுபடி கிளறினான்.

"நெலத்துல பங்கு கேட்டேனா? அய்யா கழுத்துச் சங்கிலியக் கேட்டேனா? கோயில் கறியில ஒரு கூறு கேட்டேனா? அய்யா ஒடம்புல இருந்து ஒனக்கு எம்புட்டு வந்துச்சோ அம்புட்டுத்தான்டா எனக்கும் வந்திருக்கு. அந்த ஒன்னத்தான் எனக்கும் உண்டுன்னு நீ சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டதுல எனக்கு ஒரு உறுப்பு போகுது."

மருதுபாண்டி தும்மலை நிறுத்திவிட்டுக் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து மலிகா வந்து களத்தின் ஓரத்தில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. தனக்குத்தான் ஸ்கேன் நன்றாக வந்தது என்று சந்தோஷப்பட்டதை நினைத்தோ என்னவோ, மதினி என்று ஆரம்பித்தாள். அமுதவள்ளி அவளைப் பார்த்து, ஒன்மேல ஒன்னும் இல்லத்தா, நீ போய்த் தண்ணி கொண்டா என்றாள்.

தண்ணீரைக் குடித்துவிட்டுத் தம்பியிடம் இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, நாளைக் காலை ராமநாதபுரம் வந்து அந்தப் படிவத்தைத் திருத்திக் கொடுக்க வேண்டும், அம்மாவின் பேரில் அது ஒரு நாள்கூட அதிகமாக இருக்கக் கூடாது. இரண்டாவது, ஆபரேஷனுக்கு அவன் வந்து மதுரையில் இருக்க வேண்டும்.

"பொம்பளைக வார்டுல ஆம்பளைய விட மாட்டாகளேக்கா. மலிகா வரட்டும்," என்றான் நாகேந்திரன்.

"உள்ள சிநேகா இருப்பா. நீ வராந்தாவுல இரு. கூப்பிட்டா வரணும், அதுக்குத்தான்."

மிளகாய் களத்தில் கிடக்கிறதே என்றான். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. அமுதவள்ளி தண்ணீர்ச் சொம்பை மலிகாவிடம் கொடுத்துவிட்டு நடந்தாள்.

மறுநாள் அவன் வந்தான். வெள்ளைச் சட்டை போட்டு, நோட்டு இல்லாமல் வந்தான். சூஃபியா புதுப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இந்தத் தடவை ஒவ்வொன்றாகக் கேட்டாள். வேல்சாமியோட அம்மா பேரு? சோலையம்மாள். அவங்க வயித்துல பிறந்தவங்க எத்தனை பேர், உயிரோட இருக்கிறவங்க இல்லாதவங்க எல்லாரும், கல்யாணம் ஆனவங்களும் சேர்த்து, மூத்தவங்கள்ல இருந்து சொல்லுங்க. நாகேந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான். வேல்சாமி. அமுதவள்ளி. நாகேந்திரன். மலிகா யார் என்று கேட்டாள். என் சம்சாரம், எங்க அம்மாவோட அண்ணன் மகள் என்றான். சூஃபியா பழைய தாளைக் கிழிக்க முடியாது, அடித்துவிட்டுத் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குவதுதான் விதி என்றாள். அமுதவள்ளி அந்தத் தாளைக் கொண்டு வரச் சொல்லி, சிவப்பு எழுத்தின் மேல் கோடு விழுகிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்தாள். டாக்டர் தானே கோடு போட்டு, கீழே தவறான பதிவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் அமுதவள்ளி ரத்தம் எடுக்கக் கையை நீட்டினாள். ஒருவேளை கொடுக்காமல் போய்விடுவாளோ என்று பயந்துகொண்டிருந்ததாகச் சூஃபியா ஊசியை வெளியே எடுத்த பிறகு சொன்னாள். என் மகளுக்கு இல்லாவிட்டாலும் யார் மகளுக்காவது உதவட்டும், ஆனால் ஒழுங்காகக் கேட்டு எழுதுங்கள் என்றாள் அமுதவள்ளி.

அறுவை சிகிச்சை பங்குனியில் நடந்தது. நான்காம் நாள் நடக்கச் சொன்னார்கள். சிநேகா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்த அமுதவள்ளி, குழாயில் தொங்கிய சிறுநீர்ப் பையை ஒரு கையில் பிடித்தபடி மெல்ல நடந்து வராந்தாவுக்கு வந்தாள். நாகேந்திரன் நாலு நாள் தாடியோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து வந்தான். பையை நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கி, கீழே சிந்திவிடுமோ என்ற பயத்தில் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான்.

"இடுப்புக்குக் கீழ பிடிடா. மேல தூக்குனா திரும்பி உள்ள போகும்."

அவன் கீழே இறக்கினான். இன்னும் கொஞ்சம் என்றாள். இன்னும் கொஞ்சம் இறக்கினான்.

"இது ஒனக்கு எங்க தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் வராந்தாவின் அந்தக் கோடியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். குழாய் இழுக்காமல் இருக்க, அவளுடைய நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு நாகேந்திரன் பக்கத்தில் வந்தான். பாதி தூரத்தில் வலித்தது. நின்றாள். அவனும் நின்றான். அவள் அவன் தோளைப் பிடிக்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.